பதினொன்றரைப் பவுண்டும் ஒரு டாக்டர் பட்டமும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டுமெனச் செயற்குழுவினர் பணித்தபோது, எப்பொருளைப் பற்றி எழுதுவது என்று நாம் நெடுநேரம் எண்ண வேண்டியிருக்கவில்லை. பல ஆண்டுகளாக நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நம்மிடம் பத்தாம் வகுப்பு வரை பயின்ற மாணவர் ஒருவர், பின்னர் தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, ஒருநாள் மாலை நம் இல்லத்திற்கு வந்தார். அயல்நாட்டுப் பல்கலைக்கழகமொன்று முனைவர் பட்ட ஆய்வுக்கு இடமளித்து எழுதிய கடிதம் அவர் கையில் இருந்தது. நாம் மகிழ்ந்து இனிப்பு வாங்கி வரச் சொன்னோம். கடிதத்தை முழுதும் படித்த பின்னரே உண்மை விளங்கிற்று. இடம் உண்டு, பணம் இல்லை. உதவித்தொகைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டுமாம்; அதற்குரிய கடைசி நாள் கடந்து ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. இடம் கிடைப்பதே அரிது, கிடைத்துவிட்டால் பணம் எப்படியும் வரும் என்று அவர் நம்பியிருந்தார். ஆசிரியராகிய நாமும் அவ்வாறே நம்பியிருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அந்த இடம் காலாவதியாயிற்று. அவர் இன்று தனியார் கல்லூரி ஒன்றில் பணிபுரிகிறார். வருந்துவதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை; நமக்குத்தான் மனம் ஆறவில்லை.

அன்றிலிருந்து நாம் ஒரு கேள்வியோடு அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் மீண்டும் படித்தோம். அவர் கொலம்பியாவில் படித்தார், இலண்டனில் படித்தார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தப் படிப்புக்கான பணம் எங்கிருந்து வந்தது, எத்தனை முறை நின்றது, நின்றபோது அவர் என்ன செய்தார் என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அதனை இங்கே சொல்ல முயல்கிறோம்.

வீட்டில் பிறந்த முதல் உதவித்தொகை

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் படைமுகாமில் பிறந்தவர் அண்ணல். தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பம்பாயின் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்பொன்றில் ஒற்றை அறையே குடும்பத்தின் வீடு. பின்னிரவில் இரண்டு மணிக்குத் தந்தையார் மகனை எழுப்பிப் படிக்க வைப்பார். மகன் கேட்ட நூலை வாங்கக் கையில் காசில்லையெனில், மணமாகிச் சென்ற தம் மகள்மாரிடம் போய் நிற்பார். அவர்கள் தந்த நகையை அடகு வைத்து நூல் வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பித் தருவார்.

உலகப் புகழ்பெற்ற ஓர் அறிஞரின் முதல் உதவித்தொகை இதுதான். ஓர் அரசன் தருவதற்கு முன்னமே அக்காள்மார் தந்துவிட்டனர். நம் வீடுகளிலும் இன்று வரை இதுவே நடக்கிறது. ஆகவே இச்செய்தியை நாம் முதலில் வைத்தோம்.

25 ரூபாயும் ஓர் ஆசிரியரும்

1907இல் அண்ணல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அதனைப் பாராட்ட நடந்த கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசாக அளித்தார். பூங்காவில் அமர்ந்து எந்நேரமும் படித்துக்கொண்டிருந்த சிறுவனைக் கண்டு பேச்சுக் கொடுத்து, பல நாள் கவனித்து வந்தவர் அவர். கல்லூரிப் படிப்புக்கு வழியில்லாமற் போனபோது, அதே கேளுஸ்கரே பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் அவர்களிடம் மாணவரை அழைத்துச் சென்றார். மன்னர் சில கேள்விகள் கேட்டார்; விடைகளில் மனநிறைவு கொண்டு மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார்.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டும். கேளுஸ்கர் செல்வந்தர் அல்லர். தம் பையிலிருந்து அவர் கல்லூரிக் கட்டணம் கட்டிவிடவில்லை. உதவி எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருந்தார். தகுதியுடைய மாணவன் யார் என்பதையும் அறிந்திருந்தார். இரண்டையும் ஒன்று சேர்த்தார். ஓர் ஆசிரியன் செய்யக்கூடியது அவ்வளவே. அவ்வளவும் செய்யாத குற்றந்தான் நம் நெஞ்சை உறுத்துகிறது.

1912இல் பி.ஏ. முடித்த அண்ணல், 1913 சனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாள்களிலேயே தந்தையார் நோயுற்றார். பிப்ரவரி 2ஆம் நாள் மறைந்தார். குடும்பத்தைத் தாங்கிய தூண் சாய்ந்தது. அந்நிலையில் எவரும், கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டு அமைதி காண்பர். ஆனால் பரோடா அரசு சில மாணவர்களை மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பவிருக்கும் செய்தி வந்தது, அவர் விண்ணப்பித்தார்.

உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. அந்நாளில் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். ஆகவே மாதம் ஏறத்தாழ 172 ரூபாய் எனக் கொள்ளலாம். ஆனால் இது வெறுங்கொடை அன்று. 1913 சூன் 4ஆம் நாள் அவர் ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட்டார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பது அதன் விதி. வாழ்வின் பத்தாண்டுகளை முன்கூட்டியே ஈடுவைத்துத்தான் அவர் கப்பலேறினார் என்பதை நம் இளைஞர் நினைவிற் கொள்ள வேண்டும்.

நியூயார்க்கில் மூன்றாண்டுகள்

1913 சூலையில் அண்ணல் நியூயார்க் சேர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயிலத் தொடங்கினார். பொருளியல் பேராசிரியர் எட்வின் செலிக்மன், மெய்யியல் அறிஞர் ஜான் டூயி முதலியோர் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தனர். பொருளியலில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4 என அவர் பயின்ற பாடங்களின் பட்டியல் நீள்கிறது. பட்டத்துக்கு வேண்டியவை எவையோ அவற்றை மட்டும் படித்துத் திரும்பவில்லை. மூன்றாண்டுப் பணத்தில் பெறக்கூடிய அறிவு முழுவதையும் அள்ளிக்கொள்ள முனைந்தார். உதவித்தொகையில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பினார். உணவைக் குறைத்துப் பழைய நூல் கடைகளில் ஏறக்குறைய 2,000 நூல்களை வாங்கினார்.

1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9ஆம் நாள் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம், அமைப்பு, வளர்ச்சி பற்றிய கட்டுரையைப் படித்தார். அதே ஆண்டில் இந்தியாவின் தேசிய வருவாய் குறித்த ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். அப்போது அவருக்கு வயது 25.

கடலில் மூழ்கியவை

1916இல் அமெரிக்காவிலிருந்து இலண்டன் சென்று, இலண்டன் பொருளியல் கல்லூரியிலும், வழக்கறிஞர் பட்டத்திற்காகக் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். படிப்புச் சூடுபிடித்த வேளையில் உதவித்தொகையின் காலம் முடிந்தது. 1917இல் திரும்பி வந்தே ஆகவேண்டும் என்ற நிலை. ஆயினும் அவர் ஒரு காரியம் செய்தார்: நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடரப் பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டு வரவில்லை. ஒருக்களித்து வைத்துவிட்டு வந்தார்.

அது முதல் உலகப்போர்க் காலம். அவர் ஒரு கப்பலிலும் அவர் சாமான்கள் வேறொரு கப்பலிலும் வந்தன. சாமான் கப்பல் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலால் மூழ்கியது. பட்டினி கிடந்து சேர்த்த நூல்களில் பெரும்பகுதி கடலுக்குப் போயிற்று. ஆய்வேட்டின் கையெழுத்துப் படியும் அதனோடு போயிற்று. 1917 ஆகஸ்டு 21ஆம் நாள் அவர் பம்பாய் வந்து இறங்கினார். ஒப்பந்தப்படி பரோடா செல்ல வண்டிச் செலவுக்கும் பணமில்லை. மூழ்கிய சாமான்களுக்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையே அதற்கு உதவிற்று.

பரோடாவில் நடந்ததை நம் சமுதாயத்தார் அறிவர், சுருங்கச் சொல்வோம். தங்குவதற்கு இடம் கொடுப்பார் இல்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயர் பூண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டிற்று. நண்பர் இருவரை அணுகினார். இருவருமே தயங்கி மறுத்தனர். பூங்காவொன்றில் அமர்ந்திருந்து இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். கொலம்பியாவின் எம்.ஏ. பட்டம் ஒரு கட்டிலுக்கு இடம் வாங்கித் தரவில்லை. படிப்பு சாதியை அழித்துவிடும் என்று எண்ணுவோர் இவ்வரலாற்றை மறத்தலாகாது. எனினும் படித்திராவிடில் பிற்காலத்தில் அச்சாதியை எதிர்த்து நிற்கும் ஆற்றல் அவருக்குப் பிறந்திராது என்பதையும் உடன் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மீண்டும் இலண்டன்: பணம் துண்டு துண்டாய்ச் சேர்ந்த கதை

இங்கேதான் நம் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி தொடங்குகிறது. உதவித்தொகை இல்லை. மன்னர் இருந்தும் பரோடா இல்லை. இலண்டன் கொடுத்த நான்காண்டுத் தவணையோ ஓடிக்கொண்டிருந்தது.

தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்கு வணிக ஆலோசனை நிறுவனம் ஒன்று தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் நின்றுவிட்டனர். 1918 நவம்பரில் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய். பேராசிரியர்களுக்கான பொதுப்பானையில் அவர் நீர் அருந்தக் கூடாது எனச் சிலர் எதிர்த்தனர். எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு, சிக்கனமாய் வாழ்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். 1920 மார்ச்சில் பணியைத் துறந்தார்.

தம் சேமிப்பு ஒரு பங்கு. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அளித்த உதவி ஒரு பங்கு. கொலம்பியாவில் உடன் தங்கிப் பயின்ற பார்சி நண்பர் நவல் பதேனா கடனாகத் தந்த 5,000 ரூபாய் ஒரு பங்கு. இம்மூன்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு 1920 சூலையில் அவர் மீண்டும் இலண்டன் புறப்பட்டார். பார்சி விடுதி அவரை விரட்டியது. பார்சி நண்பர் அவருக்குக் கடன் கொடுத்தார். மனிதரைக் கூட்டமாய் எடைபோடலாகாது என்பதற்கும் இதுவே சான்று.

இலண்டனில் பகல் முழுதும் நூலகம். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும் வேளையில் நுழைந்து மூடும் வேளையில் வெளியேறுவார். பகலில் உணவு கிடையாது. இரவில் பசி பொறுக்காதபோது, தெரிந்தவர் தந்த அப்பளத்தைப் பொரித்துத் தின்று மீண்டும் படிக்க அமர்வார். 1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1922 பிப்ரவரியில் பேராசிரியர் செலிக்மனுக்குக் கடிதம் எழுதி, மூழ்கிய ஆய்வேட்டுக்கு மாற்றாகப் புதியதொன்றை எழுதியிருப்பதாகத் தெரிவித்தார். முன்பு தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியரை அவர் மறந்துவிடவில்லை. கொலம்பியாவின் கதவையும் ஒருக்களித்தே வைத்திருந்தார்.

1922 அக்டோபரில் இலண்டன் டி.எஸ்ஸி. பட்டத்துக்கு ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டை அளித்தார். தேர்வாளர்கள் திருத்தி எழுதித் தருமாறு கூறினர். கையிலோ பணம் தீர்ந்துவிட்டது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டு இறுதியில் பட்டம் கிடைத்தது, நூலும் வெளிவந்தது. கொலம்பியாவின் விதிப்படி ஆய்வேட்டை அச்சிட்டு அளித்த பின்னரே டாக்டர் பட்டம் வழங்கப்படும். அச்சிடவும் பணம் வேண்டுமல்லவா? 1925இல் மாகாண நிதி பற்றிய அந்நூல் செலிக்மனின் முன்னுரையோடு இலண்டனில் வெளிவந்தது. அதனை அவர் பரோடா மன்னருக்கு நன்றியோடு காணிக்கையாக்கினார். 1927 சூன் மாதத்தில் கொலம்பியா அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று.

கணக்குப் பாருங்கள். 1913இல் தொடங்கிய பயணம் 1927இல் நிறைவுற்றது. பதினான்கு ஆண்டுகள்! அவற்றுள் உதவித்தொகை தாங்கியது நான்காண்டுகளே. எஞ்சியவற்றைச் சம்பளமும் கடனும் நட்பும் பட்டினியும் தாங்கின. அக்கணக்கில் சேராத ஒரு பங்கும் உண்டு. அன்னை இரமாபாய் பம்பாயில் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தார். அவர் பெற்ற ஐந்து மக்களுள் நால்வரைச் சாவு கொண்டுபோயிற்று. டாக்டர் பட்டச் சான்றிதழில் அவர் பெயர் இல்லை; வரலாற்றில் இருக்க வேண்டும்.

தயவு உரிமையாய் மாறியது

மன்னர் ஒருவர் நல்லவராய் இருந்தால் ஒரு மாணவன் படிக்கலாம். அம்மன்னரைக் காணும் வாய்ப்பில்லாத ஆயிரம் மாணவர் என் செய்வர்? இவ்வினா அண்ணலின் உள்ளத்தில் தங்கியிருந்திருக்க வேண்டும். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், அக்டோபர் 29ஆம் நாள் பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி விரிவான மனுவொன்றை அளித்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுதோறும் மும்மூன்று லட்சம் ரூபாய் வழங்குவதைச் சுட்டிக்காட்டி, நம் மாணவர்க்கும் அத்தகைய தொகை வேண்டுமென வாதிட்டார். அயல்நாட்டில் உயர்கல்வி பெறுவதற்கான உதவியும் அக்கோரிக்கையில் அடங்கியிருந்தது. 1944-45இல் மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. விடுதலைக்குப் பின், 1954-55இல் அயல்நாட்டுப் படிப்புக்கான மைய அரசின் தேசிய உதவித்தொகை தொடங்கிற்று. தாம் கெஞ்சிப் பெற்றதைத் தம் மக்கள் கேட்டுப் பெறும்படி ஆக்கினார் அவர்.

அறக்கட்டளைகளின் வழியும் அக்காலத்திலேயே திறந்தது. கேரளத்தின் உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர்.நாராயணன், 1945இல் டாட்டா உதவித்தொகை பெற்று இலண்டன் பொருளியல் கல்லூரியில் ஹெரால்டு லாஸ்கியிடம் பயின்றார். 1997இல் அவர் குடியரசுத் தலைவரானதை நம் தலைமுறை கண்டது.

இன்றைய வாசல்கள்

2024ஆம் ஆண்டு நிலவரப்படி மைய அரசின் அத்தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு உரியது. அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. முப்பது விழுக்காடு பெண்களுக்கு. வயது 35க்குள் இருக்க வேண்டும். தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. தமிழ்நாடு அரசும் அண்ணலின் பெயராலேயே அயலக உயர்கல்வி உதவித்தொகை வழங்கி வருகிறது.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மைய அரசின் திட்டத்தில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களுக்கு உதவி இல்லை என 2022இல் விதி செய்யப்பட்டது. இத்தகைய விதி 1913இல் பரோடாவில் இருந்திருப்பின், இந்தியச் சாதிகளைப் பற்றிய அந்தக் கொலம்பியாக் கட்டுரையின் கதி என்னவாகியிருக்கும்? பெற்ற உரிமையைக் காவாவிடில் அது தேய்ந்துபோகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அரசு உதவியன்றிப் பிற வழிகளும் உள. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் பட்ட மாணவர்க்குக் கட்டணத்தைத் தள்ளி, பாடம் நடத்தவோ ஆய்வில் துணைபுரியவோ மாத ஊதியமும் தருகின்றனர்; இதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் ஆய்வு மாணவர் பலர் சம்பளம் பெறும் பணியாளராகவே அமர்த்தப்படுகின்றனர். பிரிட்டனில் காமன்வெல்த் உதவித்தொகை உண்டு. பல வேளைகளில் இடம் வேறு, பணம் வேறு; ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடைசி நாள் இருக்கலாம். நம் மாணவரை வீழ்த்தியது அறிவுக்குறையன்று, ஒரு தேதி.

ஆகவே, வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, உதவித்தொகைகளின் பெயர், தகுதி, கடைசி நாள் ஆகியவற்றைக் குறித்த பதிவேடு ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கும் பொறுப்பைப் பணி ஓய்வுக்குப் பின் நாமே ஏற்கச் சித்தமாயிருக்கிறோம். மற்றொன்று, ஒரு சிறு சுழல்நிதி. தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், கடவுச்சீட்டு, விசா, முதல் மாத வாடகை ஆகிய சிறு செலவுகளே பெரும்பாலும் நம் பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிடுகின்றன. பெற்றவர் வேலைக்குச் சென்று திருப்பித் தரட்டும், அடுத்தவர் பெறட்டும். அக்காள்மாரின் நகையை அடகு வைத்து மீட்ட சுபேதார் இராம்ஜி செய்தது இதுவேயன்றோ?

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை உங்களுள் ஒருவர் அத்தகைய கடிதத்தோடு நம் வீட்டுக்கு வரும்போது, இனிப்பு வாங்கி வரச் சொல்லும் முன் பணம் பற்றிக் கேட்போம். அக்கேள்விக்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். இல்லையெனில், கடைசி நாளுக்கு முன்பாவது வந்துவிடுங்கள்.